தந்தை உயில் எழுதவில்லை. பாட்டியின் பங்கு யாருக்கு?

கேள்வி: என் தந்தை 2017-இல் உயில் எழுதாமல் காலமானார். அவர் தம் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீட்டில் அம்மா வசிக்கிறார். நாங்கள் இரண்டு மகன்கள், ஒரு மகள். தாத்தா முன்பே இறந்துவிட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டி 2020-இல் காலமானார். இப்போது வீட்டை விற்க முனைந்தால், சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்திட வேண்டும் என்கிறார் வாங்குபவரின் வழக்கறிஞர். 1984-இலேயே நகை போட்டுக் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பங்கில்லை என்றும், பட்டா தன் பெயரில் இருக்கிறது என்றும் அண்ணன் சொல்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வழக்கறிஞர் சொல்வதே சரி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயார்ஜிதச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகச் சேரும். மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் இறந்தவரின் தாயும் அந்த வகுப்பில் இருக்கிறார். எனவே தந்தை இறந்த அன்றே அம்மா, பாட்டி, பிள்ளைகள் மூவர் என ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. தாய்க்கும் பங்குண்டு என்பது கிரையப் பேச்சு வரும் வரை பல குடும்பங்களின் நினைவுக்கே வருவதில்லை.

பாட்டி தம் பங்கைக் கேட்டு வாங்கவில்லை என்பதால் அது மறைந்துவிடாது. அவரும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவும் அத்தையும் தவிர அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லையென்றால், அது மூன்றாகப் பிரிந்து, இருவருக்கும் மொத்த வீட்டில் பதினைந்தில் ஒரு பங்கு வீதம் சேரும். மூன்றாவது பாகம், முன்பே இறந்த மகனான உங்கள் தந்தையின் பிள்ளைகள் மூவருக்கு வரும். மருமகளான உங்கள் அம்மாவுக்குப் பாட்டியின் பங்கிலிருந்து எதுவும் வராது. ஆக, நாற்பத்தைந்து பங்கில் அம்மாவுக்கு 9, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 10, சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் 3 வீதம். (இதுவே கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் போயிருக்கும், தாய்க்கு ஒன்றும் இல்லை.)

அக்காவைப் பற்றி அண்ணன் சொல்வது தவறு. 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஊரில் சொல்வது, கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தைப் பற்றியது. தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு 1956 முதலே சம உரிமை உண்டு. போட்ட நகையும் செய்த சீரும் அதில் கழிக்கப்படுவதில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். அண்ணன் பெயரில் இருப்பதால் மற்றவர்களின் பங்கு அவருக்குப் போய்விடாது.

சித்தப்பாவும் அத்தையும் கிரையப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திடலாம். அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரலாம். “எங்களுக்கு எதுவும் வேண்டாம்” என்று வாயால் சொல்வது போதாது. பாட்டிக்கெனத் தாசில்தாரிடம் தனியே வாரிசுச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். தந்தைக்கு வாங்கிய சான்றிதழில் சித்தப்பா, அத்தை பெயர்கள் இருக்காது.