ஊதா வராத தட்டு

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. காசிமேடு துறைமுகத் தண்ணீரில் பிரித்தெடுத்த சில பாக்டீரியாக்களை, ஏஎச்எல் சமிக்ஞையை (பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேச வெளியிடும் மூலக்கூறு) ஊதா நிறத்தால் காட்டிக்கொடுக்கும் சிவி026 என்ற பாக்டீரியாவுக்குப் பக்கத்தில், கடல் உப்புள்ள மெரைன் அகாரில் கோடிழுத்து வளர்த்தேன். ஒன்றுக்குக்கூட ஊதா வரவில்லை. இவை தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதாதீர்கள். சிவி026க்கு உப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு மேல் அந்தத் தட்டு எதையும் நிரூபிக்கவில்லை.

அது மண்ணிலும் நன்னீரிலும் வாழும் குரோமோபாக்டீரியத்தின் திரிபு. தானாகச் சமிக்ஞை செய்யாது. வெளியிலிருந்து ஏஎச்எல் கிடைத்தால்தான் வயலசின் என்ற ஊதா நிறமியை உண்டாக்கும். மெரைன் அகாரில் சோடியம் குளோரைடு மட்டுமே லிட்டருக்கு 19 கிராமுக்கு மேல். உப்பு ஏற ஏற அதன் வளர்ச்சியும் நிறமும் குறையும். உங்கள் பாக்டீரியாவையும் சிவி026ஐயும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கடல் பாக்டீரியாவை அதன் திரவ ஊடகத்தில் தனியாக வளர்த்து, சமிக்ஞையை மட்டும் பிரித்து, சாதாரண எல்பி அகாரில் இருக்கும் சிவி026க்குக் கொடுங்கள்.

100 மில்லி வளர்ப்பைச் சுழற்றி, செல்களை நீக்குங்கள். மேல்நீரில் அதே அளவு எத்தில் அசிடேட் சேர்த்துக் குலுக்கி, மேலே நிற்கும் அடுக்கை எடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். எத்தில் அசிடேட்டில் 0.1 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கட்டும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் ஈரத்தை எடுத்து, 40 டிகிரிக்குக் கீழே ஆவியாக்கி, மிச்சத்தை அரை மில்லி எத்தில் அசிடேட்டில் கரையுங்கள். உப்பு தண்ணீரோடு போய்விடும். சமிக்ஞை 200 மடங்கு செறிவாகும். அதில் 20 மைக்ரோலிட்டரை சிவி026 தட்டில் வெட்டிய குழியில் விட்டு, கரைப்பான் முழுக்க ஆவியான பிறகே தட்டை மூடுங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது பிஎச் விஷயத்தில். ஏஎச்எல்லின் லாக்டோன் வளையம் காரத்தில் திறந்துகொள்ளும். திறந்தால் சிவி026 அதைக் கண்டுகொள்ளாது. வளையத்தோடு சேர்ந்த கார்பன் சங்கிலி குட்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திறக்கும். கடல்நீரே 8.1 அளவில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பெப்டோனைத் தின்னும் பாக்டீரியா அம்மோனியாவை விட்டு ஊடகத்தை மேலும் காரமாக்கும். இரண்டு நாள் ஊறவிட்ட வளர்ப்பில் சமிக்ஞையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? பிஎச்சை மாறவிடாத மாப்ஸ் தாங்கலை 50 மில்லிமோலார் சேர்த்து 7க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வளர்ச்சி நிலைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். வளையம் திறந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், மேல்நீரின் பிஎச்சை 2க்கு இறக்கி ஓர் இரவு வைத்த பிறகு பிரியுங்கள். அமிலத்தில் வளையம் திரும்ப மூடும்.

ஒவ்வொரு தட்டிலும் சி6 ஏஎச்எல் (சங்கிலியில் ஆறு கார்பன் உள்ளது) ஒரு குழியிலும், வெறும் எத்தில் அசிடேட் இன்னொன்றிலும் இருக்க வேண்டும். முதலாவது ஊதா காட்டாவிட்டால் தட்டைக் குப்பையில் போடுங்கள். குழியைச் சுற்றிச் செல்களே இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் அது நச்சு: துறைமுகத் தண்ணீரையே நேரடியாகப் பிரித்தால் டீசலும் எண்ணெயும் கூடவே வந்துவிடும். செல் வளர்ந்தும் நிறமில்லை என்றால்தான் யோசிக்க இடமிருக்கிறது. அப்போதும் சங்கிலி நீளத்தைப் பாருங்கள். சிவி026 சி4 முதல் சி8 வரைதான் நன்றாகக் காட்டும். சி10க்கு மேற்பட்டவை நிறத்தைத் தடுக்கும். எனவே அகாரில் சி6 கலந்து ஊதாத் தட்டு ஊற்றி, குழியைச் சுற்றி வெளுக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீளச் சங்கிலியைக் காட்டிக்கொடுக்க அக்ரோபாக்டீரியம் என்டிஎல்4 என்ற இன்னொரு பாக்டீரியா இருக்கிறது.

இத்தனையும் செய்தபின் வெறுமையாக வந்தாலும் ஏஎச்எல் பற்றித்தான் பேச முடியும். விப்ரியோ ஹார்வேயி என்ற கடல் பாக்டீரியாவுக்குப் பேச ஏஐ-2 என்ற வேறு மூலக்கூறும் உண்டு. அதில் போரான் இருப்பது 2002இல் தெரியவந்தது. இந்தத் தட்டு அதற்குக் குருடு.

இன்னொன்று. அலையில் மிதக்கும் செல்களை விட்டுவிடுங்கள். அங்கே சமிக்ஞை நீர்த்துப் போகும். அடர்ந்து ஒட்டி வாழும் இடத்தில்தான் சேரும். திருவொற்றியூர்ப் பக்கத் தூண்டில் வளைவுக் கற்களிலும், கரையேற்றிய படகின் அடியிலும் இருக்கும் வழுவழுப்பைச் சுரண்டிப் பிரியுங்கள். உல்வா பாசியின் நீந்தும் வித்துகள் விப்ரியோ படலத்தின் ஏஎச்எல்லை உணர்ந்து அங்கே போய் ஒட்டுவது 2002இலேயே காட்டப்பட்டது. படகில் பாசி பிடிப்பதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. ஆய்வேட்டை அந்தப் பக்கம் திருப்பலாம். சுரண்டியதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே தட்டில் போட்டுவிடுங்கள்.