ரெண்டு லேயர் பத்தாது ப்ரோ

ஸ்விஃப்ட் டிக்கியோட இடது மூலையில 10 இன்ச் சப்வூஃபருக்கு ஃபைபர் பாக்ஸ் போட்டேன், பேஸ் தொளதொளன்னு வருதுன்னு எழுதியிருந்தீங்க. மேட் (ரெசின்ங்கிற பிசின்ல நனைச்சு ஒட்டுற கண்ணாடி இழை விரிப்பு) ரெண்டே லேயர்னு படிச்சதுமே விஷயம் புரிஞ்சுது. கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. அமுங்கினா பாக்ஸும் சேர்ந்து ஆடுதுன்னு அர்த்தம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்ல இன்னும் மூணு நாலு லேயர் ஏத்துங்க. பழைய பரப்பை 80 நம்பர் உப்புத்தாள்ல நல்லா தேய்ச்சாத்தான் புதுசு பிடிக்கும். துணி இழுத்துக் கட்டின முன்பக்கம்தான் எப்பவும் பலவீனம், அங்க உள்ளேயிருந்தும் போடுங்க.

கொள்ளளவு அளந்தீங்களா? ரெசின் முழுசா காய்ஞ்சதும் ஸ்பீக்கர் ஓட்டை வழியா தெர்மாகோல் மணியைக் கொட்டி நிரப்பி, அதை வாளியில அளங்க. (ஈர ரெசின் பட்டா தெர்மாகோல் கரைஞ்சிடும்.) சீல்டு பாக்ஸ்னா (காத்து வெளிய போக வழியில்லாதது) 10 இன்ச்சுக்குப் பொதுவா 17 முதல் 28 லிட்டர் வரும், ஆனா உங்க ஸ்பீக்கரோட வந்த தாள்ல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு.

முக்கியமா ஒண்ணு: ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டையும், அதை வேகப்படுத்துற கோபால்ட்டையும் நேரடியா கலந்துடாதீங்க, வெடிக்கும். முதல்ல ரெசின்ல கோபால்ட்டைக் கலக்கிட்டு, அப்புறம் கேட்டலிஸ்ட் 1–2 சதவீதம். வேலையை மொட்டைமாடியில மாஸ்க் போட்டுச் செய்யுங்க. அந்த வாடை வீட்டுக்குள்ள வந்தா மூணு நாளைக்குச் சோறு கிடைக்காது.