உடம்பு முடியாதவரைக் காலை வரை பார்க்கலாமா, உடனே கூட்டிக்கொண்டு ஓட வேண்டுமா? எப்படி முடிவெடுப்பது?

உங்கள் மாமியாருக்கு 66 வயது, சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா, செத்த நேரம் படுத்தா சரியாயிடும்" என்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் எதை வைத்து, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். அப்பா விஷயத்தில் நாங்கள் தாமதமாகப் போனோம், மகன் விஷயத்தில் நேரத்தோடு போனோம். அந்த இரண்டிலும் தெரிந்துகொண்டதையும், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அப்பா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2017ஆம் வருடம், மார்கழி மாதம். அம்மா நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கப் போனபோது, அப்பா கட்டிலில் இருந்தபடியே "பால் வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார். கோலம் போட்டு முடித்து ஐந்து மணிக்கு அம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, டம்ளர் வலது கையிலிருந்து நழுவிவிட்டது. வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு குழறியது.

அம்மா பித்தம் என்று நினைத்தார். பக்கத்து வீட்டு அத்தை வந்து, "கை மேலயே படுத்திருப்பார், மரத்துப் போயிருக்கும்" என்று தைலம் தேய்த்துவிட்டார். யாரோ வெந்நீர் கொடுத்தார்கள், அது புரையேறியது. அப்பா இடது கையை ஆட்டி ஆட்டி "ஒண்ணுமில்ல" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தாராம். விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணிக்குத்தான் எனக்கு போன் வந்தது. நான் தஞ்சாவூரில் இருந்தேன். உடனே இங்கே கூட்டி வாருங்கள் என்றேன். ஆனால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று முதலில் உள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் வரும்வரை காத்திருந்து, ஒரு டிரிப்ஸும் ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூர் வந்து சேரும்போது மணி பத்தே கால்.

அங்கே இருந்த டாக்டர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" அம்மா யோசித்து, "பால் வந்துடுச்சான்னு நாலரைக்குக் கேட்டார்" என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பக்கவாதத்தில் பெரும்பாலும் நடப்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும், முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே போடுவார்கள். ரத்தம் கசிந்திருக்கும்போது அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாரும் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தூங்கி எழும்போதே இழுத்திருந்தால், எழுந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு.

நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அடைப்பைக் குழாய் வழியாகவே எடுக்க முடிகிறது. அந்த வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும். அப்பாவுக்கு அது பொருந்தவில்லை. உயிர் பிழைத்தார். இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அந்த வீட்டில் அக்கறை இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் "இது என்னவா இருக்கும்?" என்று யோசித்தார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு பதில் கண்டுபிடிக்கவே முடியாது. பித்தம், வாயு, சூடு என்று நமக்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்துவிட்டு நிம்மதி ஆகிவிடுவோம். நான் இப்போது கேட்டுக்கொள்வது வேறு: நேற்று ராத்திரி பார்த்த ஆள்தானா இவர்? பேச்சு, நடை, மூச்சு, முகம், நினைவு, இதில் எது மாறியிருக்கிறது? எவ்வளவு வேகமாக மாறியது? திடீரென்று மாறியிருந்தால் பெயர் தெரியாமலே கிளம்பிவிட வேண்டும். பெயர் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. உங்கள் மாமியார் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது கூடவே இருக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது.

பக்கவாதச் சந்தேகம் வந்தால் அரை நிமிடம் போதும். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்றில் கோளாறு இருந்தாலும் கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்து பெரிதாக வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி குழறும், தடுமாறும்.

உங்கள் மாமியாருக்கு மாத்திரையோ இன்சுலினோ இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, எரிச்சல் என்றால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு இருந்து விழுங்கவும் முடிகிறது என்றால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் வைக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். சில மாத்திரைகளுக்கு, ஏறின சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். அதனால் தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

அப்புறம் இந்த "கேஸ்". நெஞ்சை அடைக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது ஓமத் தண்ணீரும் சோடாவும்தான். வாயுவாகவே இருக்கலாம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலியாக வருவதே இல்லை. மூச்சு வாங்குவது, குப்பென்று வியர்ப்பது, வாந்தி, தாடையிலோ முதுகிலோ தோளிலோ இறுக்கம், எழுந்து நிற்க முடியாத அசதி, இப்படி வரும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் ஜாக்கெட் நனைகிறது என்றால் சோடா வேண்டாம், ஈ.சி.ஜி. வேண்டும். அவரை நடக்க வைக்காதீர்கள், மாடிப்படி இறங்க வைக்காதீர்கள்.

மூச்சு விஷயத்தில் அதிகம் யோசிக்கவே வேண்டாம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்கிறார், உதடு நீலம் பாய்கிறது என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டியதுதான். கொரோனா காலத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் பாருங்கள். 94க்குக் கீழே இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தப்பாகக் காட்டும். கருவி 97 காட்டுகிறது, ஆள் திணறுகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இனி மகன் விஷயம். 2019 அக்டோபர், மழை ஆரம்பித்திருந்தது, அவனுக்கு ஒன்பது வயது. நான்கு நாள் நல்ல காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. டாக்டர் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கச் சொன்னார். வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்றார். ஐந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. என் மாமியார் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். எனக்கும் அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

ஆனால் பையன் டி.வி. கேட்கவில்லை. வழக்கமாகக் காய்ச்சல் விட்டால் முதலில் அதைத்தான் கேட்பான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, வயிறு வலிக்குது என்றான். இரண்டு முறை வாந்தி. மத்தியானத்துக்குப் பிறகு அவன் ஒன்றுக்குப் போகவே இல்லை என்பது ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. கையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்ட சில்லிப்பு என்றார்கள். ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் விடுகிற நேரம்தான் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும். அப்போது சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், சோர்ந்து கிடப்பது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட வேண்டும். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பேசுவார்கள். அன்றைக்கு டியூட்டி டாக்டர் முதலில் பார்த்தது நாடியையும் ரத்த அழுத்தத்தையும், ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும்தான். அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, டி.வி. ரிமோட் எங்கே என்று கேட்டான்.

சின்னக் குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே போக வேண்டும், வீட்டு வைத்தியம் கிடையாது. கொஞ்சம் பெரிய குழந்தை என்றால், அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தாமதம் வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, வலிப்பு, இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் ஓடச் சொல்லவில்லை. காய்ச்சல் 102 இருந்தாலும் கஞ்சி குடிக்கிறார், பேசுகிறார், சிறுநீர் போகிறது, மாத்திரைக்கு இறங்குகிறது என்றால் காலை வரை பார்க்கலாம். வயிற்றுப்போக்கில் உப்புச் சர்க்கரைக் கரைசல் உள்ளே தங்குகிறது என்றால் பார்க்கலாம். பார்ப்பது என்றால் கூடவே இருந்து பார்ப்பது. ஒரு தாளில் நேரம் போட்டுக் காய்ச்சல், குடித்தது, சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. ரெண்டுங்கெட்டானாக இருந்தால் தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்து எந்நேரமும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மேலே சொன்ன அறிகுறி இருக்கும்போது அதையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக 108.

108ஐக் கூப்பிடத் தயங்குகிறவர்கள் உண்டு, தெருவே வந்து பார்க்குமே என்று. 2008இலிருந்து ஓடுகிற இலவச வண்டி அது. ஆக்சிஜன் இருக்கிறது, முதலுதவி தெரிந்தவர் கூட வருகிறார், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வசதி என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு நடந்தது போல, ஸ்கேன் இல்லாத இடத்தில் நேரத்தைத் தொலைக்காமல் இருக்க இது முக்கியம். கோயிலோ ரேஷன் கடையோ அடையாளம் சொல்லி, ஒருவரைத் தெருமுனையில் டார்ச்சோடு நிறுத்துங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், சார்ஜர். அட்டை தேடிக்கொண்டு கிளம்பாமல் இருந்துவிடாதீர்கள், அதைப் பிறகு யாராவது கொண்டுவரலாம். ராகு காலம் போகட்டும் என்று ஒரு பெரியவர் சொல்வார். அவரிடம் வாதம் செய்யாமல் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்ற உங்கள் கேள்வி. எனக்கு இதுதான் உங்கள் கேள்வியிலேயே கனமான பகுதியாகத் தெரிகிறது. மருமகள் தானாக முடிவெடுத்து, போய்ப் பார்த்தால் வெறும் வாயு என்று ஆகிவிட்டால், "இதுக்குப் போய் ஆயிரம் ரூபா செலவா" என்று பேச்சு வரும் என்ற பயம் இருக்கிறது இல்லையா? அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் ஒரு மணி நேரம் போகிறது. கணவர் போனை எடுக்க ஒரு நேரம், அவர் அவருடைய அக்காவிடம் கேட்க ஒரு நேரம். அதனால் ராத்திரியில் அனுமதி கேட்கும் நிலைக்கே போகாதீர்கள். இன்றைக்கே கணவரிடம் பேசுங்கள், உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. "பேச்சு குழறினாலோ, மூச்சு திணறினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, எழுப்பி எழவில்லை என்றாலோ நான் யாரையும் கேட்கமாட்டேன், கூட்டிக்கொண்டு போய்விடுவேன், ஆம்புலன்ஸில் ஏறின பிறகு போன் செய்வேன்" என்று சொல்லி, இருவர் வாயாலும் சரி என்று வாங்கிவிடுங்கள்.