ஏடிபி விட்டதும் ஜிகேம்ப் ஒளி இறங்குவது

பாளையங்கோட்டை தம்பிக்கு, ஹெக் 293 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) ஜிகேம்ப்6எஸ் (கால்சியம் ஏறினா பச்சையா ஒளிரும் சென்சார் புரதம்) வச்சு, செல்லுக்குள் கால்சியத்தை ஏத்தும் ஏடிபி விட்டா, ஒளி ஏறாம உடனே இறங்குதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஏடிபி ஸ்டாக்கோட (கரைச்சு வச்ச அடர்கரைசல்) பிஎச், அதாவது அமிலத்தன்மை, பாருங்க. ஏடிபியோட டைசோடியம் உப்பு தண்ணியில பிஎச் 3 பக்கம் நிக்கும். ஹெப்பீஸ் (பிஎச் மாறாம பிடிச்சு வைக்கும் பொருள்) குறைவான கரைசல்ல அதை விட்டா, கால்சியம் ஏறினாலும் சென்சார் மங்கும். இந்தப் புரதத்துக்கு அமிலம் ஆகவே ஆகாது. சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டா விட்டு 7.2-க்குக் கொண்டுவந்து, சிறு குழாய்களில் பிரிச்சு உறைய வைங்க. செல்லுக்கு விட 100 மைக்ரோமோலார் ஏடிபி தாராளம்.

படம் எடுக்கும்போது செல் இருக்க வேண்டிய கரைசல்: ஃபீனால் ரெட் சாயம் இல்லாத ஹாங்க்ஸ் உப்புக் கரைசல், அதில் கால்சியம் கட்டாயம், 20 மில்லிமோலார் ஹெப்பீஸ்.

அடுத்து, ஏடிபி இல்லாத அதே கரைசலை அதே அளவு விட்டுப் பாருங்க. அப்பவும் இறங்கினா ஃபோகஸ் நகருது. நம்ம ஊர் வெயிலுக்கு ஏசிக் காத்து நேரா மைக்ரோஸ்கோப் மேடைமேல அடிக்கும், அதைத் திருப்பிவிடுங்க. விடும் கரைசலும் தட்டின் வெப்பத்திலேயே இருக்கணும். எம்செர்ரியும் (கால்சியத்துக்கு மாறாத சிவப்பு ஒளிர் புரதம்) சேர்த்துப் போட்டா சந்தேகமே வராது: சிவப்பும் கூடவே இறங்கினா ஃபோகஸ், பச்சை மட்டும்னா பிஎச்.

கடைசியா, கால்சியத்தை நேரா செல்லுக்குள் விடும் அயனோமைசின் 5 மைக்ரோமோலார் விட்டுப் பாருங்க. அதுக்கும் ஏறலைன்னா, உட்கருவுக்குள்ளும் ஒளி நிறைஞ்ச நோஞ்சான் செல்லைத் தேர்ந்திருக்கீங்க. சென்சாருக்காகச் செல்லில் ஏத்தும் டிஎன்ஏ அளவைக் குறைங்க.