பேரி மரத்துல பொறந்த பேரு

கேள்வி: எம்எம்ஏங்கிற கலப்பு சண்டைப் போட்டி வீரர் டஸ்டின் பொரியே பேரை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?

பதில்: அது பிரெஞ்சு பேருங்க, அங்க ப்வாரியேன்னு சொல்லுவாங்க, அர்த்தம் பேரி மரம். ப்வார்னா பேரிக்காய், கூட 'இயே' சேர்த்தா மரம் ஆயிடும், ஆப்பிளுக்கு பொம், மரத்துக்கு பொமியேங்கிற மாதிரி. அந்த காலத்துல வீட்டு பக்கத்துல பேரி மரம் இருந்தவரை 'பேரி மரத்துக்காரர்'னு கூப்பிட்டு கூப்பிட்டு அதுவே குடும்ப பேரா நின்னுடுச்சு. இங்கிலீஷ்ல பெர்ரி (Perry)ங்கிற குடும்ப பேரும் பேரி மரத்துல இருந்து வந்ததுதான்.

ஆனா எனக்கு மனசை தொடுறது இந்த பேரு போன தூரம். பிரான்ஸ்ல இருந்து கனடா கிழக்கு கரையில அகாடியாங்கிற எடத்துல போய் குடியேறுனவங்கள்ல இந்த பேருக்காரங்களும் உண்டு, 1755ல பிரிட்டிஷ்காரங்க அந்த அகாடியா ஜனங்களை ஊரை விட்டே கப்பல்ல ஏத்தி துரத்த ஆரம்பிச்சாங்க, குடும்பம் குடும்பமா பிரிஞ்சு போச்சு, நிறைய பேரு கடைசியில இப்போ அமெரிக்காவுல இருக்குற லூசியானா போய் சேர்ந்தாங்க, கேஜன்னு சொல்றது அவங்க வம்சத்தைத்தான். டஸ்டின் அந்த கேஜன் ஜனங்க வாழுற லஃபயெட் ஊர்க்காரர், 2021ல அயர்லாந்து சண்டை வீரர் கானர் மெக்ரெகரை ரெண்டு தடவை ஜெயிச்சாரே அவரேதான்.

கனடாவுலயே இருந்தவங்கள்ல பாஸ்கல் ப்வாரியேவை அவசியம் சொல்லணும். 1885ல செனட்டர் ஆன முதல் அகாடியர், 1933ல சாகுற வரைக்கும் அந்த பதவியில இருந்தாரு, தன் ஜனங்க பேசுற பிரெஞ்சு வார்த்தைகளை தேடி தேடி அகராதியா தொகுத்தாரு. துரத்தப்பட்ட ஜனத்துக்கு அதைவிட பெரிய வேலை எதுங்க!