ஷெர்மனின் படை எதைத் தின்றது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1864 நவம்பரில் வடமாநிலப் படையின் ஜெனரல் ஷெர்மன், தன் படைக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்த ரயில் பாதையைத் தானே பெயர்த்துவிட்டு ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவிலிருந்து கடலோர நகரான சவானாவுக்கு நடந்தார் என்று எழுதியிருந்தீர்கள். 60,000 பேருக்கு உணவு எங்கிருந்து வந்தது? வழியில் கொள்ளையடித்தார்கள் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் மற்ற படைகளும் அப்படியே செய்திருக்கலாமே?

கே.

அன்புள்ள கே.,

கொள்ளை நடந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி அவர் கிளம்பவில்லை. சுமார் 2,500 வண்டிகளில் 20 நாளுக்கு ரொட்டி, 40 நாளுக்குச் சர்க்கரையும் காபியும் உப்பும் இருந்தன. இறைச்சிக்கு 5,000 மாடுகளைக் கூடவே ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் இல்லாதது தீவனம்தான். அது சில நாளுக்குத்தான் இருந்தது.

போர்க் கதைகளில் சிப்பாயின் வயிற்றைப் பற்றியே பேசுகிறோம். அவனுக்கு ஒரு நாளைக்கு 3 பவுண்டு போதும். ஒரு குதிரைக்கு 26 பவுண்டு வேண்டும்! அட்லாண்டாவைப் பிடிக்கும் போரில் ஷெர்மனிடம் 1 லட்சம் பேரும் 35,000 விலங்குகளும் இருந்தார்கள். அத்தனை பேருக்குமான சரக்கு வடக்கே கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லிலிருந்து 473 மைல் ஒற்றைத் தண்டவாளத்தில் வந்தது. வண்டியில் கொண்டுவந்திருந்தால் ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய 36,800 வண்டிகள் தேவைப்பட்டிருக்கும் என்று பின்னாளில் அவரே கணக்குப் போட்டு எழுதினார். அந்தக் கழுதைகளுக்குத் தீவனம் யார் சுமப்பது? அக்டோபரில் தென்படைத் தளபதி ஹூட் அந்தத் தண்டவாளத்தைத்தான் அடித்துக்கொண்டே இருந்தார். அதைக் காவல் காப்பதிலேயே படை தேய்ந்துவிடும் என்று கண்டு ஷெர்மன் அதையே கைவிட்டார்.

அவருக்குக் கைகொடுத்தது காலம். ஜார்ஜியாவில் அறுவடை முடிந்து சோளம் களஞ்சியத்தில் கிடந்தது. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எந்த மாவட்டத்தில் எவ்வளவு விளையும், எத்தனை கால்நடைகள் என்று முன்பே பார்த்து வைத்திருந்தார். படையின் நான்கு கோர்களும் (பெரும் பிரிவுகள்) கூடியவரை தனித்தனிச் சாலைகளில் போயின. கோருக்குள் இருந்த ஒவ்வொரு பிரிகேடிலிருந்தும் (சிறு பிரிவு) சுமார் ஐம்பது பேர் காலையில் பிரிந்துபோய்த் தானியமும் பன்றியிறைச்சியும் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்கு 15 மைல் என்பது உத்தரவு. எனவே அடுத்த நாள் கை படாத நிலம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த நடையில்தான் இருக்கிறது. அதே சமயம் வர்ஜீனியாவில் வடபடைத் தளபதி கிராண்ட்டும் தென்படைத் தளபதி லீயும் பீட்டர்ஸ்பர்க் பதுங்கு குழிகளில் மாதக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்த படை சுற்றுவட்டாரத்தைச் சில நாளில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் ரயிலும் கப்பலும்தான் கதி.

இந்தச் சாப்பாட்டுக் கணக்கில் பலியானவர்களையும் சொல்ல வேண்டும். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் படையின் பின்னால் நடந்து வந்தார்கள். உடல் வலுவுள்ளவர்களை வேலைக்குச் சேர்க்கலாம், ஆனால் உணவு முதலில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கே என்றது ஷெர்மனின் உத்தரவு. டிசம்பர் 9 அன்று எபனேசர் ஓடையைத் தன் வீரர்கள் கடந்ததும், ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸ் (தென்மாநில ஜனாதிபதியின் பெயரேதான், ஆனால் இவர் வடக்கு) மிதவைப் பாலத்தை எடுக்கச் சொன்னார். மக்கள் அக்கரையில் விடப்பட்டார்கள். எதிரிக் குதிரைப்படைக்குப் பயந்து நீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கினார்கள். இதற்குப் படை நிர்வாகத்தைக் காரணம் காட்டுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுநாள் சவானாவின் அரண்களுக்கு முன்னால் படை நின்றது. நின்றதும் பிரச்சினை தொடங்கியது. சுற்றிலும் நெல் வயல்கள், சோளம் குறைவு. சிப்பாய்கள் நெல்லை உமி நீக்கிச் சமைக்கத் திணறினார்கள். கடலில் வடக்கின் கப்பல்கள் காத்திருந்தன. நடுவே ஒகீச்சி ஆற்றின் முகப்பில் மெக்காலிஸ்டர் கோட்டை. நகரத்தைத் தாக்குவதற்கு முன் அவர் அந்தக் கோட்டையைத்தான் குறிவைத்தார். டிசம்பர் 13 மாலை அது சில நிமிடங்களில் விழுந்தது, ஆறு திறந்தது. ரொட்டியும் தீவனமும் வந்துசேர வழி பிறந்த பிறகே சவானாவை நிதானமாக முற்றுகையிட முடிந்தது. 21ஆம் தேதி நகரம் அவர் கைக்கு வந்தது.