நேரில் பார்க்காத சாலைக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நெடுஞ்சாலைப் பணியில் அனுபவமுள்ள சிவில் என்ஜினியர் நான். போர் ஓய்ந்த ஒரு நாட்டில் சாலை மறுகட்டுமானத்துக்கு, காண்ட்ராக்டரின் வேலையைச் சரிபார்க்கும் ரெசிடென்ட் என்ஜினியராக அழைக்கிறார்கள். பாதுகாப்புக் காரணங்களால் வாரத்தில் ஓரிரு நாள்தான் சைட்டுக்குப் போக முடியுமாம். மற்றபடி காண்ட்ராக்டர் தரும் போட்டோ, டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்தே மாத பில்லுக்குச் சான்று தர வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒத்துக்கொள்ளலாம், போட்டோவை வைத்து மட்டும் சான்று தருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு.

ஆப்கானிஸ்தானில் சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகும் சிறு பாலங்களான கல்வெர்ட்டுகளில் வெடிகுண்டு வைப்பது வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்க இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது. கஜ்னி மாகாணத்தில் பல இடங்களில் அவை பொருத்தப்படவே இல்லை அல்லது அரைகுறையாகப் பொருத்தப்பட்டிருந்தன என்பதை அமெரிக்கத் தணிக்கை அமைப்பான சிகார் 2013-இல் வெளிப்படுத்தியது. பில் மட்டும் பாஸாகியிருந்தது.

கிடைக்கிற ஓரிரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். மேல் தாரை எப்போது வேண்டுமானாலும் உருளைத் துண்டாக (கோர்) வெட்டி அளந்துகொள்ளலாம். கல்வெர்ட்டின் அடிப்படுகை, அதன் இருபுற மண் நிரப்பு, கீழ் அடுக்குகளின் இறுக்கம் எல்லாம் மூடிவிட்டால் போச்சு. உங்கள் சைட் நாட்கள் இவற்றுக்கே. ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999 சிவப்புப் புத்தகம் என்ற மாதிரி ஒப்பந்தம் என்றால் 7.3-ஆம் பிரிவு கைகொடுக்கும்: மூடுவதற்கு முன் காண்ட்ராக்டர் உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும், தராமல் மூடினால் நீங்கள் கேட்கும்போது தன் செலவிலேயே திறந்து காட்டி, மறுபடி சரிசெய்ய வேண்டும். முதல் தடவையே தோண்டச் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவைக்கு அநேகமாக அவசியம் வராது.

தோண்டச் சொன்னதும் மேலிடத்திலிருந்து போன் வரும். இந்த நாடுகளில் திறப்பு விழா தேதியை என்ஜினியர் குறிப்பதில்லை. காபூல்–கந்தஹார் சாலை 2003 டிசம்பரில் திறக்கப்பட்டபோது முதல் தார் அடுக்குதான் விழுந்திருந்தது. மீதி வேலை பிறகு நடந்தது. அழுத்தம் தாங்காமல் ஒரு பில்லில் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் வழி அடைபடவில்லை. அதே ஒப்பந்தத்தின் 14.6-ஆம் பிரிவின்படி முந்தைய சான்றில் உள்ள தவறைப் பிந்தைய சான்றில் திருத்தலாம்.

லேப் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதில் மட்டும் பேரமே வேண்டாம். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் மணல் மாற்றுச் சோதனைக்கான செயினேஜை (சாலையில் எந்த இடம் என்ற தூரக் குறியை) அன்று காலையில் நீங்களே குலுக்கிப் போட்டுச் சொல்லுங்கள்; முந்தின நாளே சொன்னால் அந்த இடத்தில் மட்டும் ரோலர் நாலு தடவை கூடுதலாக ஓடும். நூறு கிலோமீட்டருக்கும் ரிசல்ட் எல்லாம் 98 சதவீத இறுக்கத்தை ஒட்டியே வந்தால் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள். மண் அவ்வளவு ஒழுங்கானதல்ல. நீங்கள் இல்லாத நாட்களில் உள்ளூர் டெக்னீஷியன்கள்தான் உங்கள் கண்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதால் இருவர் இருவராக அனுப்புங்கள், பகுதியை மாற்றிக்கொண்டே இருங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும்.

கண்ணிவெடி விஷயத்தில் பலர் கோட்டைவிடுவது சாலைக்கு வெளியே. சாலையைச் சுத்தம் செய்த சான்றிதழ் இருக்கும். மண் எடுக்கும் குழி, குவாரி, மாற்றுப்பாதை, ரோலர் நிறுத்தும் இடம் அதில் இருக்காது. ஆழத்தையும் பாருங்கள். குறிப்பிட்ட ஆழம் சொல்லப்படாத இடத்தில் சர்வதேச கண்ணிவெடி அகற்றல் தரங்கள் வைத்திருந்த குறைந்தபட்ச அளவு 130 மில்லிமீட்டர். நீங்கள் அரை மீட்டர் வெட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் சான்றிதழ் உங்கள் வேலைக்குப் போதாது. புதிய அனுமதி வாங்காமல் எக்ஸ்கவேட்டரை இறக்காதீர்கள்.

அதிக லோடு லாரிகள் பற்றி நீங்களே அறிவீர்கள்: அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. புனரமைப்பு லாரிகளே முதல் குற்றவாளிகள், காண்ட்ராக்டருடையதும் சேர்த்து.

வேலையை ஏற்கும் முன் மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள். லேப் யாருக்குக் கீழ் வருகிறது? மூடியதைத் திறக்கச் சொல்ல நிதியளிப்பவரின் முன் அனுமதி வேண்டுமா? பாதுகாப்பு அதிகாரி சைட் பயணத்தை ரத்து செய்த வாரத்தில், பார்க்காத அளவை பில்லிலிருந்து நிறுத்திவைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ‘முடியாது’ என்று வந்தால் போகாதீர்கள்.